கடல் கடந்து வந்த தொண்டும் நம் கடனும்

நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நன்னாளில், கழகத்தின் வளர்ச்சியைப் பற்றிப் பலரும் இம்மலரில் எழுதுவர். நாம் சற்றுப் பின்னோக்கிச் சென்று, நம் பாட்டனார், முப்பாட்டனார் காலத்தில் சேரிப் பிள்ளைகளுக்குக் கல்வியும் விளையாட்டும் எவ்வாறு கிட்டின என்பதைக் காண விரும்புகிறோம். அவ்வரலாற்றில் கடல் கடந்து வந்த சிலர்க்கும் இடமுண்டு. பிறந்த நாட்டையும் உற்றாரையும் விட்டு வந்து, மொழி தெரியாத ஊரில், பிறர் தொடவும் கூசிய பிள்ளைகளைத் தம் அருகில் அமர்த்திக் கற்பித்தவர்கள் அவர்கள். அவர்களை மறத்தல் நன்றி கெட்ட செயல். அவர்களால் மட்டுமே நாம் உயர்ந்தோம் என்று எண்ணுதலும் உண்மைக்கு மாறானது. இவ்விரு பிழைகளும் நேராதபடி உண்மையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதவடைத்த காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை மாகாணத்தில் பள்ளிகள் பல இருந்தன. அரசின் சட்டப்படி எவரும் எப்பள்ளியிலும் சேரலாம். ஆயினும் கிராமப் பள்ளி நடந்த இடம் அக்கிரகாரமாகவோ, ஊர்த்தெருவாகவோ, கோயிலை ஒட்டிய சாவடியாகவோ இருந்தது. அத்தெருவில் நடக்கவே உரிமையற்ற பிள்ளை அங்குள்ள பள்ளியில் எவ்வாறு நுழையும்? சட்டம் திறந்த கதவைத் தெரு மூடிற்று.

மற்றொரு தடையும் இருந்தது. நம் மக்களிற் பெரும்பாலோர் பண்ணையாட்களாகவும் படியாட்களாகவும் உழைத்தனர். ஆறு, ஏழு வயதுச் சிறுவன் மாடு மேய்த்தால் குடும்பத்திற்கு ஒரு வாய்க் கூழ் மிஞ்சும். அவனைப் பள்ளிக்கு அனுப்பினால் அக்கூழும் இல்லை. பண்ணையாரின் சினமும் சேரும். ஆகவே, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய ஒவ்வொரு தாயும் தன் பசியை ஈடு வைத்தே அனுப்பினாள் என்பதை நம் இளைஞர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

இந்நிலையை அரசின் செவிக்கு எட்டச் செய்தவர்களுள் செங்கற்பட்டுப் பகுதியில் பணிபுரிந்த கிறித்தவத் தொண்டர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். ஸ்காத்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ, வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி ஆகியோர் நம் மக்களின் துயரை எழுத்திலும் பேச்சிலும் வெளிப்படுத்தினர். செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர் 1891-இல் எழுதிய அறிக்கையின் பயனாக, 1892-இல் நிலம் பற்றிய அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் பேசுவது அதன் வழி வந்ததே. அடுத்த ஆண்டு, 1893-இல், பஞ்சமர் கல்விக்கெனத் தனிச் சலுகைகளை வகுத்த ஆணையும் வெளியாயிற்று. நிலமும் கல்வியும் அடுத்தடுத்து வந்தமை தற்செயலன்று. வயிற்றுக்கு வழியில்லாதவனுக்கு எழுத்து எட்டாது என்பதை அன்றே சிலர் உணர்ந்திருந்தனர்.

ஆல்காட் பள்ளிகள்

இக்காலத்தில் அடையாற்றில் வாழ்ந்த அமெரிக்கர் கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட். 1832-இல் நியூ ஜெர்சி மாநிலத்திற் பிறந்த இவர், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது அரசுப் பணியில் ஊழல்களைத் துருவி ஆராய்ந்தவர்; பின்னர் வழக்கறிஞர். 1875-இல் நியூயார்க் நகரில் பிரம்மஞான சபையைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். 1879-இல் இந்தியா வந்தார். 1882-இன் இறுதியில் சபையின் தலைமை இடம் அடையாற்றில் அமைந்தது. இலங்கையில் பௌத்தர்களின் பள்ளிகள் பல தோன்றுவதற்கும் இவர் உழைத்தார்.

அடையாற்றைச் சுற்றியிருந்த சேரிகளின் நிலை இவர் நெஞ்சைத் தொட்டது. 1894-இல் சேரிப் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி ஒன்றைத் திறந்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் மேலும் நான்கு பள்ளிகள் சென்னையில் எழுந்தன. அவற்றுள் ஒன்று திருவள்ளுவர் பெயர் தாங்கியது. நம் மக்கள் தம்மவராகப் போற்றிய பெருமகனார் பெயரைச் சேரிப் பள்ளிக்குச் சூட்டியமை கருதத்தக்கது. தம் சபையின் சமயக் கொள்கையை இப்பள்ளிகளில் புகட்டலாகாது என்பதில் ஆல்காட் உறுதியாக இருந்தார். 1902-இல் நம் மக்களின் நிலை குறித்து ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலும் எழுதி, அயல்நாட்டு அன்பர்களிடம் பள்ளிகளுக்குப் பொருள் திரட்டினார்.

ஆல்காட் அழைப்பை ஏற்று அமெரிக்காவிலிருந்து வந்த ஆசிரியைகளின் தொண்டு தனியே கூறத்தக்கது. சாரா பால்மர் அம்மையார் பள்ளிகளின் மேற்பார்வையை ஏற்றார். கோர்ட்ரைட் அம்மையார், ஜெர்மானிய அறிஞர் பிரபெல் வகுத்த கிண்டர்கார்டன் முறையை இப்பள்ளிகளிற் புகுத்தினார். விளையாட்டு, பாட்டு, கைவேலை ஆகியவற்றின் வழியே குழந்தைக்கு அறிவூட்டுவது அம்முறை. சேரிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் விதம் பற்றி அவர் 1906-இல் ஆங்கிலத்தில் நூல் ஒன்றும் வெளியிட்டார்.

ஆசிரியப் பணியில் இருக்கும் நமக்கு இச்செய்தி பெரிதாகத் தோன்றுகிறது. பிரம்பும் மனப்பாடமுமே கல்வி என்றிருந்த நாளில், வசதி மிக்கோர் பிள்ளைகளுக்கும் எளிதிற் கிட்டாத ஒரு முறை சேரிப் பள்ளிக்கு வந்தது. அப்பிள்ளைகளால் கற்க இயலுமா என்று ஊரார் ஐயுற்றுக் கொண்டிருந்தபோது, அவர்களுக்கு எதனைத் தரினும் தகும் என்று அவ்வாசிரியைகள் துணிந்தனர். கற்பிப்போர் உள்ளத்தில் இத்துணிவு இல்லையெனில், எம்முறையும் பயன் தராது.

ஆல்காட் 1907 பிப்ரவரி 17 அன்று அடையாற்றில் மறைந்தார். அவர் பெயரால் விளங்கும் பள்ளி இன்றும் சென்னையில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிக் கல்வி அளித்து வருகிறது.

தொண்டின் எல்லை

நன்றியுடைமை வேறு, கண்மூடிப் போற்றுதல் வேறு. ஆல்காட் பள்ளிகள் தொடக்கக் கல்வி தந்தவை. எழுதவும் படிக்கவும் கணக்கிடவும் கற்ற பிள்ளை, அதற்குமேல் செல்ல வேண்டிய படிகளைத் தானே தேடிக்கொள்ள நேர்ந்தது. கல்லூரி வாயிலும் அரசு அலுவலும் அப்போதும் எட்டாத் தொலைவிலேயே இருந்தன.

ஆல்காட்டுக்குப் பின் சபையின் தலைமையை ஏற்றவர், மற்றோர் அயல்நாட்டுப் பெருமாட்டியாகிய அன்னி பெசண்ட் அம்மையார். இந்தியாவுக்கு அவர் ஆற்றிய தொண்டுகள் பல. ஆயினும் 1909-இல் ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் முன்னேற்றம் குறித்து ‘இந்தியன் ரெவ்யூ’ இதழில் அவர் எழுதிய கட்டுரையில், நம் பிள்ளைகளை ஏனைய பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் உடனே சேர்த்தலாகாது என்றார். தூய்மையின்மையையும் உணவுப் பழக்கத்தையும் அதற்குக் காரணங்களாகக் காட்டினார். பல ஆண்டுகளுக்குப் பின் அண்ணல் அம்பேத்கர், காங்கிரசும் காந்தியாரும் தீண்டப்படாதார்க்குச் செய்தது யாது என்பதை ஆராய்ந்து 1945-இல் வெளியிட்ட நூலில், இக்கட்டுரையை எடுத்துக்காட்டி உலகறியச் செய்தார்.

குளிக்க நீர் மறுத்துவிட்டு அழுக்கைக் குறை கூறுதல் நீதியாகுமோ? குளமும் கிணறும் அடைக்கப்பட்ட மக்களிடம் தூய்மையை முன்நிபந்தனையாக வைப்பது, காலைக் கட்டிவிட்டு ஓடச் சொல்வதற்கு ஒப்பாகும். இரங்கும் உள்ளம் மட்டும் போதாது, சமமாகக் கருதும் உள்ளமும் வேண்டும் என்பதே இதனால் நாம் பெறும் பாடம். இப்பாடம் அயல்நாட்டார்க்கு மட்டும் உரியதன்று. படித்துப் பதவி பெற்றபின் சேரிக்குள் நுழைந்து அறிவுரை கூறும் நம்மவர்க்கும் பொருந்தும்.

நம்மவர் ஏற்ற விளக்கு

வெளியார் கொணர்ந்த விளக்கை நம்மவர் வெறுமனே பார்த்துக் கொண்டிருக்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் ஆல்காட்டுடன் தொடர்பு கொண்டு, அவர் துணையுடன் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். பின்பு சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கி, பின்னர் ‘தமிழன்’ என்ற பெயரில் 1914-இல் மறையும் வரை நடத்தினார். ஆல்காட்டின் உதவியைப் பெற்றபோதும், தம் மக்களின் வரலாற்றைத் தாமே எழுதும் உரிமையை அவர் எவரிடமும் ஒப்படைக்கவில்லை.

இரட்டைமலை சீனிவாசன் 1893-இலேயே, இழிவாக வழங்கப்பட்ட பெயரையே தம் இதழுக்குச் சூட்டி வெளியிட்டார். எம். சி. ராஜா ஆசிரியராக வாழ்வைத் தொடங்கிச் சட்டமன்றம் புகுந்தார். இழிபெயர்களை நீக்கி ‘ஆதிதிராவிடர்’ என்று அரசு வழங்க வேண்டுமெனும் தீர்மானத்தை 1922-இல் முன்மொழிந்தார். குழந்தைக் கல்விக்கென ‘கிண்டர்கார்டன் ரூம்’ என்னும் நூலை ஓர் ஆசிரியையுடன் சேர்ந்து எழுதியவரும் இவரே. அயல்நாட்டு ஆசிரியைகள் கொணர்ந்த முறையில், நம் சமுதாயத் தலைவர் ஒருவரே நூல் செய்யும் காலம் வந்தது காண்க! எல். சி. குருசாமி உழைக்கும் மக்களுக்கென இரவுப் பள்ளிகள் நடத்தினார். சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி கண்டார். அண்ணல் அம்பேத்கர் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். நம் கழகம் போன்ற எத்துணையோ சிறு கழகங்கள் இவ்வழியில் வந்தவையே.

விளையாட்டுக் களம்

படிப்புக்கு அடுத்துப் பிள்ளைகளுக்கு வேண்டியது விளையாட்டு. அதனைப் பள்ளிப் பாடமாகப் பரப்பியதிலும் கடல் கடந்து வந்த ஒருவரின் கை உண்டு. பென்சில்வேனியா மாநிலத்திற் பிறந்த ஹாரி குரோ பக், கூடைப்பந்தாட்டம் பிறந்த ஸ்பிரிங்பீல்டு நகரில் உடற்கல்வி பயின்று, 1919-இல் சென்னைக்கு வந்தார். 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஐந்தே மாணவர்களுடன் உடற்கல்விப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதுவே பிற்காலத்தில் சைதாப்பேட்டையை அடுத்த நந்தனத்தில் பெருங்கல்லூரியாக வளர்ந்தது. 1924-இல் பாரிசு நகர ஒலிம்பிக் பந்தயத்திற்குச் சென்ற இந்திய அணியுடன் இவரும் சென்றார். இவரும் தம் வாழ்வின் இறுதிவரை இப்பணியிலேயே நின்று, 1943-இல் மறைந்தார்.

பக் அவர்கள் தாமே எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் விளையாட்டுக் கற்பிக்க முற்படவில்லை. கற்பிக்கும் ஆசிரியர்களை உருவாக்கினார். அவர்கள் ஊர்தோறும் சென்றனர். ஊதுகுழலும் பந்தும் ஏந்திய உடற்பயிற்சி ஆசிரியர் நம் பள்ளிகளில் நிலைபெற்றமைக்கு அது பெருங்காரணம். வந்தவர் சென்றபின்னும் பணி நிற்க வேண்டுமாயின், இதுவே வழி.

விளையாட்டுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. வகுப்பில் ஒருவனைத் தனிப் பலகையில் அமர்த்தலாம். ஒரே அணியில் ஆடும்போது ஒதுக்குதல் எளிதன்று. ஒருவன் கை தொட்ட பந்தை மற்றவன் பெற்றே ஆக வேண்டும். ஆயினும் களத்தில் கிடைக்கும் சமத்துவம் கோட்டுக்கு வெளியே தானாக வந்துவிடாது. பால்வங்கர் பாலு என்னும் மராட்டிய நாட்டுக் கிரிக்கெட் வீரரின் வாழ்க்கையே சான்று. தோல் தொழில் செய்த குலத்திற் பிறந்த அவர், பூனாவில் ஆங்கிலேயர் சங்கத்தில் களப்பணியாளாக இருந்தபோது, அங்கு மட்டை பிடித்த வெள்ளையருக்குப் பந்து வீசியே வல்லவரானார். பின்பு அவருடைய திறமை வேண்டி இந்துக்களின் அணியிற் சேர்த்தனர். களத்தில் அவர் வீசிய பந்தை எல்லோரும் தொட்டனர். இடைவேளையில் மட்டும் அவருக்கு அரங்கின் வெளியே மண்குவளையில் தேநீர் தரப்பட்டது. 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தியும், அணித்தலைமை அவருக்குக் கிட்டவில்லை. 1932-இல் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களுள் அவரும் ஒருவர். பந்தினால் பெற்ற புகழை அவர் தம் மக்களின் உரிமைக்கும் பயன்படுத்தினார்.

நாம் செய்யத்தக்கவை

இளைஞர்களே! பல்லாயிரம் கல் தொலைவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் நம் சேரிக்குள் நடந்தனர். அதே சேரியிற் பிறந்து பட்டம் பெற்ற நாம், மாலை நேரத்தில் நான்கு தெரு நடக்கத் தயங்கலாமா? வெளியூரில் வேலை, நகரத்தில் வீடு என்று ஆனபின் ஊர்ப் பிள்ளைகளை மறப்போமாயின், கடல் கடந்து வந்தவர்கள் முன் நாம் தலைநிமிர இயலாது.

கழகத்தின் சார்பில் மூன்று செயல்களை முன்வைக்கிறோம். முதலாவது, பட்டதாரிகள் ஒவ்வொருவரும் வாரத்தில் இரண்டு மாலைகள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருதல். தேர்வுக் காலத்தில் மட்டும் வந்து போதல் பயனளிக்காது. இரண்டாவது, நம் குடியிருப்புகளுக்கு விளையாட்டுத் திடல் கேட்டு ஊராட்சியிடமும் அரசிடமும் எழுத்து மூலம் விண்ணப்பித்து, கிடைக்கும் வரை தொடர்தல். ஆடுகளமில்லாத பிள்ளை பள்ளியையும் விரைவில் வெறுக்கும் என்பதைப் பல்லாண்டு ஆசிரியப் பணியில் கண்டிருக்கிறோம். திடல் கிடைத்தபின் அதிற் பெண்பிள்ளைகளுக்கும் உரிய நேரம் ஒதுக்கப்படல் வேண்டும். மூன்றாவது, அயல்நாடுகளில் பணிபுரியும் நம்மவர், பணம் அனுப்புவதோடு அமையாது, விடுமுறையில் வரும்போது சில நாட்களேனும் பிள்ளைகளோடு இருந்து தாம் கண்ட உலகைக் கூறுதல்.

வாய்ப்புப் பெறும் நம் இளைஞர்கள் அயல்நாடு சென்று அங்குள்ள ஏழைப் பிள்ளைகளுக்குத் தொண்டு புரியவும் முன்வர வேண்டும். அவ்வாறு செல்லும்போது ஒன்றை மறவாதிருத்தல் நலம். நம்மிடம் இரக்கத்தோடு வந்தவரைவிட, சமமெனக் கருதி வந்தவரே நம் நெஞ்சில் நின்றனர். நாம் செல்லும் இடத்திலும் அவ்வாறே நிற்றல் வேண்டும்.

பெற்ற கல்வியைத் தன்னோடு வைத்துக் கொள்பவன் கடனாளி. அடுத்தவனுக்குத் தருபவனே கடன் தீர்த்தவன். வெள்ளி விழாக் காணும் நம் கழகம் பொன் விழாக் காணும் நாளில், இக்கடனைத் தீர்த்தவர்களின் பெயர்ப் பட்டியல் நீண்டதாக இருக்கட்டும்.