தொங்கிப்போன இரும்பும் ஒரு பழைய போர்டு காரும்



மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று செயலாளர் கேட்டதும் என் காதில் விழுந்தது 'டக்... டக்... டக்...' என்ற பழைய சத்தம்தான். நம் ஆட்டோமொபைல் லேபில் காலம் தள்ளியவர்களுக்கு அது மறக்காது. காலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் கேட்கும். சூடேறச் சூடேறக் குறைந்து, பத்து நிமிடத்தில் நின்றே போய்விடும். "சரியாப் போச்சு மாஸ்டர்!" என்போம். எங்கள் லேப் மாஸ்டர் சிரிப்பார். "சரியாப் போகல தம்பி, ஒளிஞ்சுகிட்டிருக்கு" என்பார்.

ஒளிந்திருந்தது எக்ஸாஸ்ட் மேனிபோல்டில் ஒரு கசிவு. சிலிண்டர்களிலிருந்து வரும் எரிந்த புகையைச் சேர்த்து சைலன்சர் குழாய்க்கு அனுப்பும் வார்ப்பிரும்புப் பாகம்தான் மேனிபோல்டு. இரும்பு குளிர்ந்திருக்கும்போது இடைவெளி திறந்திருக்கும். சூட்டில் விரிந்ததும் அடைத்துக்கொள்ளும். நோய் போகாது, அறிகுறிதான் போகும்.

இந்தச் சின்னப் பாகத்துக்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி 'மாடல் டி' கார்களைச் செய்து தள்ளிய ஹென்றி போர்டு, 1927 மே மாதம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார். தொழிற்சாலைகள் மாதக்கணக்கில் புதுக் காருக்காக மாற்றி அமைக்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பர் 2-ம் தேதி மக்கள் முன் வந்தது 'மாடல் ஏ'. நான்கு சிலிண்டர், 3.3 லிட்டர், 40 குதிரைத்திறன். 1931 வரை 48 லட்சம் வண்டிகளுக்கு மேல் செய்தார்கள். அமெரிக்க விவசாயி தன் கொட்டகையிலேயே, கையில் இருக்கும் நாலு ஸ்பேனரை வைத்துக்கொண்டு பழுது பார்க்கக்கூடிய கார் அது. அதனால்தான் தொண்ணூறு வருடத்துக்குப் பிறகும் அவற்றில் பல இன்னும் ஓடுகின்றன.

ஆனால் அதிலும் ஒரு குறை இருந்தது. மாடல் ஏ வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த குறை: எக்ஸாஸ்ட் மேனிபோல்டின் பின்பக்க முனை காலப்போக்கில் கீழே தொங்கிவிடும். காரணம் எளிது. குழாயும் சைலன்சரும் அந்த முனையைத்தான் பிடித்து இழுக்கின்றன. அரை மீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்பு 500 டிகிரி சூடேறினால் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும்; ஆறினால் சுருங்கும். தினமும் நீண்டு, சுருங்கி, கூடவே பாரத்தையும் சுமந்தால் இரும்பானாலும் என்ன செய்யும்? வளைந்துதான் போகும்.

எங்கள் பேட்ச் நண்பர் ஒருவர் ஓய்வு பெற்ற பிறகு ஒரு 1930 மாடல் ஏ வாங்கினார். அதே 'டக்... டக்...' சத்தம்! முன்னால் வைத்திருந்தவர் மூன்று முறை பேக்கிங் மாற்றியிருந்தாராம். ஒவ்வொரு முறையும் சில வாரம்தான் தாங்கியது. நட்டை இன்னும் இறுக்கியதில் ஒரு ஸ்டட் வேறு உடைந்துபோயிருந்தது. "புதுசா ஒண்ணு அமெரிக்காவுல இருந்து வரவழைச்சுடலாமா?" என்று நண்பர் கேட்டார். கிடைக்கும்; அந்தக் காருக்கு இன்றும் புது மேனிபோல்டு செய்து விற்கிறார்கள். ஆனால் எனக்கு மாஸ்டர் ஞாபகம் வந்துவிட்டது. "முதல்ல ஏன்னு கேளு, அப்புறம் ஸ்பேனரை எடு."

கழற்றி, கரி படிந்திருந்த இடத்தைப் பார்த்தோம். பின்பக்க துவாரத்தைச் சுற்றித்தான் கறுப்பு. ஸ்ட்ரெயிட் எட்ஜை வைத்து பீலர் கேஜை நுழைத்தால் முக்கால் மில்லிமீட்டர் தாராளமாகப் போயிற்று. எந்த பேக்கிங் இதை அடைக்கும்? கீழே படுத்துப் பார்த்தபோது உண்மை தெரிந்தது: சைலன்சரைத் தாங்க வேண்டிய பிராக்கெட்டையே காணோம்! முழுப் பாரமும் மேனிபோல்டின் தலையில். புதிய மேனிபோல்டு மாட்டியிருந்தாலும் அதுவும் தொங்கியிருக்கும்.

விரிசல் இல்லாததால் பழையதையே காப்பாற்ற முடிவு செய்தோம். லேத் பட்டறையில் கொடுத்து முகத்தைச் சமன் செய்தோம். இங்கே ஒரு நுணுக்கம், மாணவர்கள் கவனிக்கவும். இந்த இன்ஜினில் பெட்ரோல் கலவை போகும் இன்டேக் மேனிபோல்டையும் எக்ஸாஸ்டையும் ஒரே கிளாம்புகள்தான் அழுத்திப் பிடிக்கின்றன. ஒன்றை மட்டும் தேய்த்துக் குறைத்தால் கிளாம்பு மற்றதன் மேல் மட்டும் உட்காரும். இதில் கசிவு தொடரும். ஆகவே இரண்டையும் சேர்த்தே சமன் பார்க்க வேண்டும். உடைந்த ஸ்டட்டைச் சூடேற்றி, எண்ணெய் விட்டு, பொறுமையாக எடுத்தோம். துருப்பிடித்து இறுகாமல் இருக்கப் பித்தளை நட்டு. நடுவிலிருந்து ஓரம் நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒருமுறை ஓட்டி ஆறியபின் மறுபடி இறுக்கினோம். முக்கியமாக, சைலன்சருக்கு ஒரு புது பிராக்கெட். அதன் பிறகு அந்தச் சத்தம் கேட்கவே இல்லை.

இரண்டு எச்சரிக்கைகள். பழைய பேக்கிங்கில் செம்புத் தகட்டுக்குள் அஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதை உலர்ந்த நிலையில் சுரண்டினால் தூசி நுரையீரலில் போய்த் தங்கும். புற்றுநோய் வரை கொண்டுபோய் விடும். அந்தக் காலத்தில் நாங்கள் வாயால் ஊதித் தள்ளினோம், தெரியாத்தனம். நனைத்துத்தான் எடுக்க வேண்டும். புதிதாகப் போடும்போது அஸ்பெஸ்டாஸ் இல்லாததைப் போடுங்கள்.

இரண்டாவது, கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். குளிர் நாடுகளில் மாடல் ஏ காருக்கு ஒரு ஹீட்டர் விற்றார்கள். மேனிபோல்டைச் சுற்றி ஒரு உறை, அதில் சூடான காற்று நேராக வண்டிக்குள்ளே வரும். மேனிபோல்டு கசிந்தால் கதகதப்போடு விஷமும் சேர்ந்து வரும்! நம் ஊரில் ஹீட்டர் வேண்டாம்தான். ஆனால் கதவு மூடிய ஷெட்டுக்குள் பழைய இன்ஜினை ஓடவிட்டு 'ட்யூன்' பண்ணுகிறவர்கள் நம்மிடையேயும் உண்டு. என் நண்பரே அப்படித்தான் தினமும் தலைவலி என்று மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். கசிவு நின்றது, ஷெட்டின் கதவும் திறந்தது, தலைவலியும் போயிற்று. நல்லவேளை, தலைவலியோடு போயிற்று!

மாஸ்டர் இன்று நம்மிடையே இல்லை. அவர் பட்டம் வாங்கியவர் இல்லை. ஆனால் பட்டம் வாங்கிய எங்களுக்கெல்லாம் அவர் சொல்லித்தந்ததுதான் கடைசிவரை கைகொடுத்தது. இரும்பு தானாக வளையாது. எங்கோ ஒரு பாரம், தாங்க வேண்டிய பிராக்கெட் இல்லாமல், அதன் மேல் விழுந்திருக்கும். அதைத் தேடாமல் நட்டை மட்டும் முறுக்குகிறவன் மெக்கானிக்கும் இல்லை, இன்ஜினீயரும் இல்லை.

சந்திப்பு நாளன்று அந்தக் கார் நம் போர்ட்டிகோவில் நிற்கும். மாணவர்களே, கூச்சப்படாமல் பானெட்டைத் திறந்து பாருங்கள். காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் கேளுங்கள். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டாலும் என்னிடம் வந்து சொல்லுங்கள். ஏன் என்று சேர்ந்தே தேடுவோம்.