பொத்தானை அழுத்தினால் வருவது யார்? பிள்ளைகளுக்கான அவசர எச்சரிக்கைக் கருவி வாங்கமுன் அறிய வேண்டியவை

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் உறவினர் அனுப்பும் பொதிகளில் சொக்லேற், உடுப்புகளோடு இப்போது இன்னொரு பொருளும் வருவதுண்டு. பிள்ளையின் கையில் கட்டும் மணிக்கூடு, அல்லது கழுத்தில் தொங்கவிடும் சிறிய கருவி. ஆபத்து என்றால் பொத்தானை அழுத்தினால் போதும், பெற்றோரின் கைத்தொலைபேசிக்குத் தகவல் வரும் என்று அதன் பெட்டியில் எழுதியிருக்கும். கொழும்புக் கடைகளிலும் இணைய விற்பனையிலும் இவற்றை வாங்கலாம்.

இந்தக் கருவிகள் பயனற்றவை அல்ல. ஆனால் கருவி செய்வது அழைப்பது மட்டுமே. அழைப்பைக் கேட்டு ஓடிவர ஓர் ஆள் வேண்டும். அளவெட்டி போன்ற ஊரில் அந்த ஆள் யார் என்பதை முடிவு செய்த பிறகுதான் எந்தக் கருவி என்ற கேள்விக்கே போகவேண்டும்.

அச்சத்துக்குக் காரணம் உண்டு

2015 மே 13 ஆம் திகதி காலை புங்குடுதீவில் பாடசாலைக்குப் புறப்பட்ட மாணவி வீடு திரும்பவில்லை. மறுநாள் அவரது உடல் கண்டெடுக்கப்பட்டது. 2017 செப்டெம்பர் 27 இல் யாழ்ப்பாணத்தில் கூடிய மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட நீதிமன்றம் ஏழு பேருக்கு மரணதண்டனை விதித்தது. தண்டிக்கப்பட்டவர்களில் அந்தத் தீவைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். 2018 ஜூனில், அளவெட்டிக்கு மேற்கே சுழிபுரம் காட்டுப்புலத்தில் ஆறு வயதுச் சிறுமி ஒருவர் கொல்லப்பட்டார். வலிகாமத்தில் பெண்பிள்ளை வைத்திருக்கும் எந்தத் தாயும் இந்த இரண்டையும் மறந்திருக்கமாட்டார்.

போருக்குப் பின்னான ஊரின் அமைப்பும் இந்த அச்சத்தைக் கூட்டுகிறது. வெளிநாடு போனவர்களின் பூட்டிய வீடுகள், பற்றை மண்டிய காணிகள், விளக்கில்லாத ஒழுங்கைகள். முன்பு வேலிக்கு வேலி ஆள் இருந்த இடத்தில் இப்போது நாலு படலை தாண்டினால்தான் ஒரு வீட்டில் ஆள் இருக்கும். கணவரை இழந்த அல்லது கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பெண்கள் தனியே நடத்தும் குடும்பங்களில், பிள்ளை பாடசாலை விட்டு வரும் நேரத்தில் தாய் வேலைக்களத்தில் நிற்பார். கருவி வாங்கலாமா என்ற கேள்வி இந்த வீடுகளில்தான் உண்மையாக எழுகிறது.

எத்தனை வகை?

முதலாவது, ஒலிக்கருவி. ஊசியை இழுத்தாலோ பொத்தானை அழுத்தினாலோ பெருஞ்சத்தமாகக் கத்தும். பெரும்பாலானவற்றில் 120 முதல் 140 டெசிபெல் வரை என்று குறித்திருப்பார்கள். சிம் அட்டையோ மாதக் கட்டணமோ வேண்டாம். விலையும் குறைவு. ஆனால் கூப்பிடு தூரத்தில் ஆள் இருந்தால் மட்டுமே பயன். காதருகே பிடித்து ஒலிக்கவிட்டால் செவிப்புலன் பாதிக்கும் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டும்.

இரண்டாவது, சிம் அட்டை போடும் மணிக்கூடு அல்லது பதக்கம். பொத்தானை அழுத்திப் பிடித்தால் பதிவு செய்த இலக்கங்களுக்கு ஒவ்வொன்றாக அழைக்கும். இருக்கும் இடத்தையும் அனுப்பும். பலவற்றை நாள்தோறும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் சார்ஜ் செய்யவேண்டும். மீள்நிரப்பக் காசு முடிந்தாலும் டேற்றா முடிந்தாலும் இடத்தை அனுப்பாது.

மூன்றாவது, சாவிக்கொத்தில் மாட்டும் புளூடூத் வில்லை. இதில் சிம் இல்லை. அருகே வேறு யாருடையதாவது பொருத்தமான கைத்தொலைபேசி இருந்தால்தான் இருப்பிடம் தெரியும். ஆள் நடமாட்டம் குறைந்த தோட்டவெளியில் மணிக்கணக்காக எந்தத் தகவலும் வராமல் போகலாம். ஏர்டாக் வில்லையைத் தயாரிக்கும் அப்பிள் நிறுவனமே அது பொருட்களைத் தேடுவதற்கானது, ஆட்களைத் தேடுவதற்கானது அல்ல என்று சொல்லியிருக்கிறது.

நான்காவது, கையில் இருக்கும் கைத்தொலைபேசியே. புதிய அன்ரொயிட் தொலைபேசிகள் பலவற்றில் பவர் பொத்தானை ஐந்து முறை விரைவாக அழுத்தினால் அவசர அழைப்பு போகும்படி அமைக்கலாம். உயர்தர வகுப்புப் பிள்ளை மாலை வகுப்புக்குத் தொலைபேசி கொண்டுபோனால், புதிதாக ஒன்றும் வாங்காமலே இந்த வசதியைச் செய்து கொடுக்கலாம்.

வெளிநாட்டுக் கருவி ஊரில் வேலை செய்யுமா?

பொதியைப் பிரித்ததும் பார்க்கவேண்டியவை மூன்று. சில கருவிகள் அவை விற்கப்பட்ட நாட்டின் சிம் அட்டைக்கு மட்டும் பூட்டப்பட்டிருக்கும். சில, அந்த நாட்டு நிறுவனத்துக்கு மாதக் கட்டணம் கட்டினால்தான் இயங்கும். சிலவற்றில் பொத்தானை அழுத்தினால் அழைப்பு அங்குள்ள சேவை நிலையத்துக்குப் போகும். அங்கிருப்பவருக்கு அளவெட்டி எங்கே என்றும் தெரியாது, ஆள் அனுப்பவும் முடியாது. அனுப்பமுன்னரே இவற்றைக் கேட்டுவிடும்படி உறவினரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று, யாருடைய இலக்கத்தை முதலில் பதிவது? காசு கட்டியவர் என்பதால் ரொறன்ரோவில் இருக்கும் மாமாவின் இலக்கத்தை முதலில் போட்டுவிடுவது வழமை. பாடசாலை விடும் பிற்பகல் 1.30 மணிக்கு ரொறன்ரோவில் கோடைகாலத்தில் அதிகாலை 4 மணி, குளிர்காலத்தில் 3 மணி. அவர் விழித்துப் பார்த்து, ஊருக்கு அழைத்து, இங்கே யாராவது எடுப்பதற்குள் நேரம் போய்விடும். முதல் மூன்று இலக்கங்களும் பத்து நிமிடத்துக்குள் பிள்ளை நிற்கும் இடத்துக்கு வரக்கூடியவர்களுடையதாக இருக்கவேண்டும்: தாய் அல்லது தந்தை, பாதையோரம் வீடுள்ள ஓர் அயலவர், வழமையாக ஏற்றி இறக்கும் ஓட்டோக்காரர் அல்லது பெரியம்மா வீட்டு அண்ணா. மாமாவின் இலக்கம் நான்காவதாக இருக்கட்டும்.

இருப்பிடம் எவ்வளவு சரி?

திறந்தவெளியில் ஜிபிஎஸ் சில மீற்றர் வித்தியாசத்துக்குள் இடத்தைக் காட்டும். கட்டடத்துக்குள்ளே செய்மதிச் சமிக்ஞை குறையும்போது, கருவி தொலைபேசிக் கோபுரத்தை வைத்து மதிப்பிடும். அப்போது நூற்றுக்கணக்கான மீற்றர் பிழைக்கலாம். அளவெட்டியில் அந்தத் தூரத்துக்குள் எத்தனை ஒழுங்கைகள், எத்தனை கிணறுகள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு பாடசாலைப் பாதையை நடந்து, மூன்று நான்கு இடங்களில் பொத்தானை அழுத்திப் பாருங்கள். எங்கே சமிக்ஞை இல்லை, அழைப்பு வர எத்தனை வினாடி, காட்டும் இடம் எவ்வளவு பிழை என்று குறித்துக்கொள்ளுங்கள். நடக்கும்போதே எந்த வீட்டுப் படலைக்குள் பயமின்றி ஓடலாம் என்பதையும் பிள்ளைக்குக் காட்டுங்கள். பற்றரி முடிந்தாலும் அந்த வீடு அங்கேயே இருக்கும்.

ஒத்திகைக்கு முன் வீட்டு முதியவர்களிடமும் அயலவரிடமும் சொல்லிவிடுங்கள். ஷெல்லுக்கும் விமானத்துக்கும் பதுங்குகுழிக்குள் ஓடியவர்களுக்குத் திடீர்ச் சைரன் ஒலி வெறும் ஒலி அல்ல.

திருவிழாவுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். கும்பிளாவளைப் பிள்ளையார் கோயிலில் ஒலிபெருக்கியும் மேளமும் முழங்கும்போது சிறிய கருவியின் சத்தம் எடுபடாது. சின்னப் பிள்ளையின் சட்டைப்பைக்குள் பெற்றோரின் தொலைபேசி இலக்கம் எழுதிய தாளும், தவறினால் எங்கே வந்து நிற்பது என்ற பேச்சும் அங்கே கூடுதலாக உதவும்.

மணிக்கூடு யாருக்குக் காது கொடுக்கிறது?

2017 ஒக்ரோபரில் நோர்வேயின் நுகர்வோர் சபை சிறுவர்களுக்கான ஜிபிஎஸ் மணிக்கூடுகளைச் சோதித்தது. சிலவற்றில் அந்நியர் உள்நுழைந்து பிள்ளை இருக்கும் இடத்தைப் பார்க்கவும், பிள்ளையோடு பேசவும் முடிந்தது. அடுத்த மாதம், சுற்றியுள்ள பேச்சை இரகசியமாகக் கேட்கும் வசதி கொண்ட சிறுவர் மணிக்கூடுகளை ஜேர்மனியின் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் நிறுவனம் தடை செய்தது. கண்காணிக்கப்படுவது என்றால் என்னவென்று எங்கள் மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒட்டுக்கேட்கும் வசதி உள்ள கருவியைத் தவிருங்கள். வாங்கியதும் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பிள்ளையின் முழுப்பெயர், பாடசாலை, படம் ஆகியவற்றைச் செயலியில் பதியாதீர்கள். கருவி என்ன செய்கிறது என்பதைப் பிள்ளைக்கு மறைக்காதீர்கள்.

பாடசாலைக்குள் இதை அணியலாமா என்பதை அதிபரிடம் முன்கூட்டியே கேட்கவேண்டும். அந்தச் சந்திப்பில் இன்னொன்றையும் கேளுங்கள்: காலையில் வரவு எடுத்ததும், வராத பிள்ளையின் வீட்டுக்கு ஓர் அழைப்பு எடுக்கமுடியுமா? காலையில் காணாமற்போகும் பிள்ளையைப் பிற்பகலில் தேடத் தொடங்கும் நிலையை அந்த அழைப்பு மாற்றும். அதற்குச் செலவும் குறைவு. பெற்றோர் கூட்டத்தில் சேர்ந்து கேட்டால் நடக்கக்கூடியது.

பொத்தான் உதவாத இடம்

பிள்ளைகள் மீதான துஷ்பிரயோகத்தில் பெரும்பகுதி பிள்ளைக்குத் தெரிந்தவர்களாலேயே நடக்கிறது. உறவினர், அயலவர், படிப்பிப்பவர். நம்பியவருக்கு எதிராகப் பிள்ளை பொத்தானை அழுத்தாது. பலவேளை அது தவறு என்றே பிள்ளைக்கு விளங்காது. எந்தத் தொடுகை கூடாது என்பதையும், பெரியவர் "ஒருத்தருக்கும் சொல்லாதே" என்றால் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுக்காமல் கருவியை மட்டும் கட்டிவிடுவதில் பலனில்லை. சொன்ன பிள்ளையை ஏசக்கூடாது. "ஊர் என்ன சொல்லும்" என்று மூடிவைத்தால், அடுத்தமுறை பிள்ளை சொல்லாது.

மனப்பாடமாக இருக்கவேண்டிய இலக்கங்கள்

1929: தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் உதவி அழைப்பு. கட்டணமில்லை, 24 மணிநேரமும் இயங்கும், தமிழில் பேசலாம். பிள்ளையே அழைக்கலாம். ஆபத்து வீட்டுக்குள்ளே என்றால் பிள்ளைக்கு இருக்கும் வழி இதுதான் என்பதால், கருவியில் மட்டுமன்றி பிள்ளையின் நினைவிலும் இருக்கவேண்டும்.

119: பொலிஸ் அவசர அழைப்பு. இதோடு உங்கள் பகுதிக்குப் பொறுப்பான பொலிஸ் நிலையத்தின் நேரடி இலக்கத்தையும் கிராம அலுவலரின் இலக்கத்தையும் வைத்திருங்கள்.

1990: இலவச அம்புலன்ஸ் சேவை. 2018 ஜூலையில் வடக்குக்கு விரிவுபடுத்தப்பட்டது.

1938: பெண்களுக்கான உதவி அழைப்பு.

தெல்லிப்பழை பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்தித்து நேரில் பேசலாம். பிள்ளையைக் காணவில்லை என்றால் 24 மணிநேரம் பொறுக்கவேண்டும் என்பது தவறான நம்பிக்கை. உடனே முறையிடுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். துஷ்பிரயோகம் நடந்ததாகச் சந்தேகித்தால் பிள்ளையைக் குளிக்கவார்க்காமல், உடுப்பைத் தோய்க்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். திரும்பத் திரும்பக் கேள்வி கேட்காதீர்கள்.

வாங்குவதா, விடுவதா?

பாதையில் ஆள் நடமாட்டம் இருந்தால் மலிவான ஒலிக்கருவி போதும். பிள்ளை நெடுந்தூரம் தனியே சைக்கிளில் போனால் சிம் உள்ள கருவி பொருந்தும், ஆனால் நாளாந்தம் சார்ஜ் செய்து மாதாந்தம் காசு நிரப்ப ஒருவர் பொறுப்பெடுக்கவேண்டும். இரண்டும் வாங்க வசதியில்லாத வீடு எதையும் இழந்துவிடவில்லை. ஒரே பாதையில் போகும் பிள்ளைகளைச் சேர்த்து அனுப்புவது, பாடசாலை விடும் நேரத்தில் பாதையோர வீடுகளில் ஒருவர் படலையில் நிற்பது, வீடு வந்து சேர்ந்ததும் பிள்ளை அயல்வீட்டில் தலைகாட்டுவது ஆகியவற்றுக்குக் காசு தேவையில்லை. சனசமூக நிலையத்தில் ஒரு மாலை பத்துப் பெற்றோர் கூடினால், எந்தப் பாதைக்கு எந்த வீடு, யாருடைய இலக்கம் என்று பட்டியல் போட்டுவிடலாம். கருவி வாங்குபவர்கள் பதியவேண்டியதும் அதே பட்டியலில் உள்ள இலக்கங்களைத்தான்.