வெளிச்சத்தைப் பங்கு போடுதல்

புது புரொஜெக்டரில் முதல் 4கே டிஸ்க்கைப் போட்ட இரவு, பத்தே நிமிஷத்தில் அப்பா எழுந்துவிட்டார். "இதுக்கா இவ்வளவு காசு? ஒருத்தர் மூஞ்சியும் தெரியல. பழைய டிவிடியே தேவலையேடா."

அவர் சொன்னது சரிதான். எச்டிஆர் என்று உறையில் பெரிதாகப் போட்டிருந்த படம், டிவிடியைவிட மங்கலாக இருந்தது.

காரணம் எளிய கணக்கு. 2014இல் வந்த எஸ்எம்பிடிஇ எஸ்டி 2084 என்ற தரநிலை, சிக்னலில் உள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் இத்தனை நிட் வெளிச்சம் என்று நிர்ணயித்தது. உச்சம் 10,000 நிட். படங்களைப் பெரும்பாலும் 1000 அல்லது 4000 நிட்டை உச்சமாக வைத்து நிறம் திருத்துகிறார்கள். என் திரைக்குக் கிடைப்பதோ 100 நிட்டுக்கும் கீழே. எங்கோ ஒரு காட்சியில் வரப்போகும் வெடிப்புக்காக, படம் முழுவதையும் அமுக்கி வைத்திருந்தது புரொஜெக்டர்.

கையில் இருக்கும் வெளிச்சம் காட்சிக்குப் போதவில்லை என்பது பழைய சிக்கல். 1850களில் பிரான்சின் குஸ்தாவ் லு கிரே கடலைப் படமெடுத்தபோது இதில் மாட்டினார். கொலோடியன் தட்டில் நீல ஒளி அளவுக்கு மீறிப் பதியும்; கடல் பதிவதற்குள் வானம் வெளுத்துவிடும். அவர் வானத்துக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என இரண்டு நெகட்டிவ் எடுத்து, அடிவானத்தில் ஒட்டி ஒரே தாளில் அச்சிட்டார். அவருடைய வெவ்வேறு கடல்களுக்கு மேலே ஒரே மேகங்கள் மிதப்பதைப் பார்க்கலாம். பொய்தான். ஆனால் கரையில் நின்றவரின் கண் இரண்டையுமே பார்த்திருக்கும் இல்லையா?

அமெரிக்காவில் 1940 வாக்கில் ஆன்சல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் இதை ஒரு முறையாக்கினார்கள். கருப்பிலிருந்து வெள்ளைவரை பதினொரு படிகள். காட்சியின் எந்தப் பகுதி எந்தப் படியில் விழ வேண்டும் என்று படமெடுப்பவர் முன்கூட்டியே முடிவு செய்வார். இதற்கு ஸோன் சிஸ்டம் என்று பெயர்.

என் வீட்டுக்கு வந்த வீடியோ ப்ராசஸர் செய்வதும் இதே வேலை, ஃப்ரேமுக்கு ஃப்ரேம். லூமாஜெனின் ரேடியன்ஸ் ப்ரோ, கணினிக்கான மென்பொருளாகத் தொடங்கித் தனிப் பெட்டியாகவும் வந்த மேட்விஆர் எல்லாம் இந்த வகை. ஃப்ரேமில் எந்த வெளிச்சத்தில் எத்தனை பிக்சல் என்று எண்ணும். இருட்டறைக் காட்சியின் உச்சமே 150 நிட்தான் என்றால், வெடிப்புக்கு ஒதுக்கிய இடத்தையும் முகங்களுக்குக் கொடுக்கும். ஒரே ஷாட்டுக்குள் சட்டென்று மாறினால் படம் மூச்சு வாங்குவதுபோல் தெரியும். அதனால் கட் வரும்வரை மெதுவாக நகரும். புரொஜெக்டரின் கருப்பு இதனால் ஒரு துளிகூடக் கூடுவதில்லை. இருப்பதைப் பங்கு போடுவது மட்டும் மாறுகிறது.

முதல் வாரம் ஆசையில் ஏற்றி வைத்தேன். நள்ளிரவில் நடக்க வேண்டிய கொலை சாயங்காலத்தில் நடந்தது. அப்போதுதான் உறைத்தது: யாரோ ஒரு கலரிஸ்ட் வேண்டுமென்றே இருட்டில் விட்ட முகத்தை நான் வெளியே இழுத்துக்கொண்டிருக்கிறேன். லு கிரே செய்தது அவர் எடுத்த படத்தில். இது என் படம் இல்லையே.

ஆடம்ஸின் 'மூன்ரைஸ்' ஞாபகம் வந்தது. 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தில் எடுத்த ஒரே நெகட்டிவ். பல பத்தாண்டுகள் அதை அச்சிட்டுக்கொண்டே இருந்தார். ஆரம்ப அச்சுகளில் மேகம் தெரியும் வானம், பின்னாளில் ஏறக்குறைய முழுக்கருப்பாகிவிட்டது. எடுத்தவருக்கே ஒரு முடிவான இருட்டு இல்லை. ஆனால் மாற்றியவர் அவர்; அந்த உரிமை ரிமோட்டோடு சேர்ந்து எனக்கு வந்துவிடாது.

இப்போது பெட்டியில் இரண்டு அமைப்புகளைச் சேமித்திருக்கிறேன். ஒன்று, கூடியமட்டும் கலரிஸ்ட்டின் இருட்டை அப்படியே விடுவது. இன்னொன்று அப்பாவுக்கு. வயதான கண்ணுக்குள் போகும் ஒளியே குறைவு. என் இருட்டு அவருக்கு இன்னும் இருட்டு. அதில் நிழல்களைக் கொஞ்சம் தூக்கி வைத்திருக்கிறேன். போன ஞாயிறு அவர் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார். நடுவில் ஒரே ஒரு தடவை கேட்டார்: "இது ராத்திரி சீன்தானே?"

ஒரு புள்ளி குறைத்தேன்.