வலது கால் கியர்

திருவொற்றியூர்க்காரர்களுக்கு புல்லட் சத்தத்தை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நமக்கெல்லாம் அது ஊர்ச் சத்தம். போன மாதம் எனக்கு நேர்ந்த ஒன்று அந்த வண்டியின் பழைய கதையைக் கிளறிவிட்டது. அதனால்தான் இந்தப் பதிவு.

எல்லைக் காவலுக்கு ஏற்ற வண்டியைத் தேடிய இந்திய அரசு 1954-ல் 350 சிசி புல்லட் 800 வேண்டும் என்று இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியைக் கேட்டது. மறு வருஷமே மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா பிறந்தது. தொழிற்சாலை நம் திருவொற்றியூரில் எழுந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். சில வருஷங்களில் எல்லாப் பாகத்தையும் இங்கேயே செய்யத் தொடங்கிவிட்டார்கள். ரெடிச்சில் இருந்த தாய்த் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் உற்பத்தியே நின்றது. பிள்ளை மட்டும் இங்கே பிழைத்துக்கொண்டது.

அந்த நாளில் புல்லட் வாலிபர் வண்டி அல்ல. இன்ஸ்பெக்டர், டாக்டர், காண்ட்ராக்டர் என்று நாற்பதைத் தாண்டிய, கொஞ்சம் தொந்தி வைத்தவர்கள்தான் ஓட்டுவார்கள். 1984-ல் இண்ட் சுஸுகி, அடுத்த வருஷம் ஹீரோ ஹோண்டா, யமஹா ஆர்எக்ஸ் 100 எல்லாம் வந்த பிறகுதான் பைக் என்றால் காலேஜ் பையன் என்று ஆனது.

நான் 1982-ல் பழைய புல்லட் ஒன்றை வாங்கினேன். இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள், அதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்றவற்றுக்குக் கீழே மிதிக்க வேண்டும். நியூட்ரலுக்குக் குதிகாலால் அழுத்த தனி லீவர். ஸ்டார்ட் செய்வதே ஒரு சடங்கு. ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே மெல்லக் கிக்கரை அழுத்தி, முள் நடுவுக்கு வந்ததும் டீகம்ப்ரஸரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இறக்கி, பிறகுதான் ஒரே உதை. தப்பினால் கிக்கர் திருப்பி உதைக்கும்.

வலது பக்க கியர் பிரிட்டிஷ் வழக்கம். 1970-களின் நடுவில் அமெரிக்கா, கியர் இடது பக்கம்தான் இருக்க வேண்டும் என்று விதி போட்டது. ஜப்பான் வண்டிகளில் ஏற்கெனவே அப்படித்தான், உலகம் முழுக்க அதுவே வழக்கமாயிற்று. நம் புல்லட் மட்டும் பல வருஷம் பழையபடியே ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் மாறியது.

சரி, என் கதைக்கு வருகிறேன். முழங்கால் தேய்மானம், கிக்கர் உதைக்க முடியவில்லை. செல்ஃப் ஸ்டார்ட் உள்ள புதிய புல்லட்டை மகன் வாங்கிக் கொடுத்தான். ஒரு வாரம் நன்றாகத்தான் ஓட்டினேன். எட்டாம் நாள் காலை, ஒரு சந்திலிருந்து பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி சைக்கிளில் குறுக்கே வந்துவிட்டாள். யோசிக்க நேரமில்லை. நாற்பது வருஷப் பழக்கத்தில் இடது காலை ஓங்கி மிதித்தேன். அங்கே இருந்தது கியர். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது, நிற்கவில்லை. நல்ல வேளை, கையும் முன் பிரேக்கைப் பிடித்திருந்தது. அந்தப் பெண்ணின் பின் சக்கரத்துக்கும் எனக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. அவள் திரும்பிப் பார்த்து, "சாரி தாத்தா" என்றாள். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான்.

வீட்டில் சொன்னேன். "போதும், வித்துடுங்க" என்றாள் மனைவி. அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் கண்ணும் காதும் இன்னும் சரியாக இருக்கின்றன. ஆனால் கால் இன்னும் 1982-லேயே இருக்கிறது. அவளிடம் ஒரு மாதத் தவணை கேட்டேன். தினமும் காலை ஆறு மணிக்கு ஆளில்லாத மைதானத்துக்குப் போய், ஓட்டுவதும் நிறுத்துவதுமாகப் பழகுகிறேன். மகன் திடீரென்று கை தட்டுவான். உடனே வலது காலும் வலது கையும் சேர்ந்து பிரேக் பிடிக்க வேண்டும். முதல் நாள் பத்து முறையில் நான்கு முறை தப்பினேன். நேற்று ஒரு முறை. அந்த ஒன்றும் போகும் வரை ரோட்டுக்கு வருவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். போகவே இல்லையென்றால் சாவியை மகனிடம் கொடுத்துவிடுவேன்.

நம் வயதில் லைசென்ஸ் புதுப்பிக்க மருத்துவச் சான்றிதழ் கேட்கிறார்கள். டாக்டர் கண்ணைப் பார்ப்பார், நாடியைப் பார்ப்பார். கால் எந்தக் காலத்தில் இருக்கிறது என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய புல்லட்டிலிருந்து புதியதற்கு மாறும் நண்பர்களே, தயவுசெய்து முதலில் மைதானம், பிறகு ரோடு.