எதிர்த்திசையில் ஓடும் ஃபீபி

சூரியக் குடும்பத்தின் படத்தைப் பள்ளிப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். அம்புக்குறிகள் எல்லாம் ஒரே பக்கம் போகும். 1796-ல் பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் பிடித்துக்கொண்டதும் இதைத்தான். கோள்களும் நிலவுகளும் இப்படி ஒரே திசையில் ஓடுவது தற்செயல் அல்ல, சுழன்றுகொண்டிருந்த ஒரே மேகத்திலிருந்து எல்லாம் பிறந்தன என்றார்.

அழகான வாதம்தான். ஆனால் யுரேனஸின் நிலவுகள் எதிர்த்திசையில் போவதாக ஹெர்ஷல் சீக்கிரமே அறிவித்துவிட்டார். (யுரேனஸே சாய்ந்து கிடக்கிறது, அதனால் அதன் நிலவுகளை மன்னித்துவிடலாம் :-)) 1846-ல் கண்டுபிடித்த நெப்டியூனின் டிரைட்டனும் எதிர்த்திசைதான். சனி மட்டும் ஒழுங்காக இருந்தது. தெரிந்த எட்டு நிலவுகளும் ஒரே பக்கம்.

1898 ஆகஸ்டில், பெரு நாட்டின் அரெகிப்பாவில் இருந்த ஹார்வர்டு வானாய்வு நிலையத்தில் ஸ்டூவர்ட் என்பவர் சனியைச் சுற்றிய வானத்தைப் படமெடுத்தார். அந்தக் கண்ணாடித் தட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்த பிக்கரிங், நகர்ந்திருந்த ஒரு புள்ளியைப் பிடித்தார். 1899-ல் ஒன்பதாவது நிலவாக ஃபீபியை அறிவித்தார். புகைப்படத்தின் மூலம் கண்டுபிடித்த முதல் நிலவு இதுதான். படமெடுத்தவர் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

சனியிலிருந்து சுமார் 1.3 கோடி கி.மீ. தள்ளி, ஒரு சுற்றுக்கு 550 நாள். பாதையைக் கணக்கிட இன்னும் பல தட்டுகள் தேவைப்பட்டன. 1905 வாக்கில் தெளிவானது: ஃபீபி பின்னோக்கிச் சுற்றுகிறது!

ஆதியில் சனியே எதிர்ப்பக்கமாகச் சுழன்றது, பிறகு புரண்டுவிட்டது, ஃபீபி அந்தப் பழைய காலத்து மிச்சம் என்று பிக்கரிங் விளக்கம் சொன்னார். அது நிற்கவில்லை. ஃபீபி சனியோடு பிறந்ததே அல்ல, எங்கோ தொலைவில் உருவாகி, வழியில் சனியிடம் மாட்டிக்கொண்டது என்பதே இன்றைய கருத்து. 2004 ஜூனில் அருகே பறந்த காசினி விண்கலம் அளந்த அடர்த்தியும் அதற்கு ஒத்துப்போகிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். 1671-ல் காசினி என்ற வானியலாளர் (விண்கலத்துக்கு வைத்தது இவர் பெயரைத்தான்) சனியின் இன்னொரு நிலவான இயாபெட்டஸைக் கண்டுபிடித்தார். சனிக்கு மேற்கே வரும்போது அது தெரிந்தது, கிழக்கே போனால் காணவில்லை. ஒரு முகம் கறுப்பு, மறுமுகம் வெளுப்பு என்று அவர் சரியாகவே ஊகித்தார். ஏன் கறுப்பு என்பதுதான் புரியவில்லை. 2009-ல் ஸ்பிட்சர் தொலைநோக்கி, ஃபீபியின் பாதையில் மாபெரும் தூசு வளையம் ஒன்றைக் கண்டது. ஃபீபியிலிருந்து கிளம்பும் தூசும் பின்னோக்கியே சுற்றியபடி உள்ளே இறங்குகிறது. முன்னோக்கி ஓடும் இயாபெட்டஸ் எதிரே வரும் அந்தத் தூசில் முகம் கொடுத்து மோதுகிறது. மழையில் பைக் ஓட்டினால் சட்டையின் முன்பக்கம் மட்டும் நனைவதுபோல, அதன் முன்முகம் மட்டும் கறுத்துப்போயிருக்கிறது.