சுவரோரத்துக் குரொய்ஸ்பேர்க்

பேர்லினில் 'கூலான' இடம் எது எண்டு கேட்டால் குரொய்ஸ்பேர்க் எண்டுதான் பலர் சொல்லுவினம். அந்தப் பெயர் சும்மா வரேல்லை. 1961இல் சுவர் எழும்ப, நகரத்தின் நடுவில் கிடந்த இந்தப் பகுதி மேற்கு பேர்லினின் ஒரு மூலையாகியது. வாடகை மலிவு, துருக்கித் தொழிலாளர்கள் குடியேறினார்கள். இடிக்கவெண்டு காலியாக விட்ட வீடுகளுக்குள் இளைஞர்கள் புகுந்தார்கள். 1971இல், மூடிக்கிடந்த பெத்தானியன் மருத்துவமனையின் ஒரு கட்டடத்தையே பிடித்தார்கள். 80களில் எங்கட ஆக்களும் கிழக்கு பேர்லினில் விமானம் இறங்கி, ரயிலேறி மேற்குக்கு வந்து தஞ்சம் கேட்டார்கள்.

1989இல் சுவர் விழ, மூலை திரும்பவும் நடுவாகியது. இப்ப வாடகை ஏற ஏற, அந்த இடத்துக்கு உயிர் குடுத்த குடும்பங்களே வெளியேற வேண்டிக்கிடக்கு. அவையில்லாத குரொய்ஸ்பேர்க்கில் 'கூல்' எண்டு என்ன மிஞ்சும்?