ஒரு மதிப்பெண்ணின் விலை: பொறியியல் சேர்க்கை விதிகளும் சென்னையின் மேற்குப் புறநகர் மாணவரின் படிப்பு முறையும், 1984–2025

தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கான பொது நுழைவுத் தேர்வும் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில், 1984ஐ ஒட்டி, எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்தவை. கல்லூரிகள் பெருகப் பெருக இடங்கள் கூடின. அந்த இடங்களை யாருக்குக் கொடுப்பது என்பதைத் தேர்வு முடிவு செய்தது. மேற்குப் புறநகருக்குக் கல்லூரி அலை சற்றுத் தாமதமாகவே வந்தது. 1995இல் வேலம்மாள், 1997இல் ஆவடியில் வேல்டெக், 1998இல் எஸ்.ஏ., 2000இல் பூந்தமல்லிப் பக்கம் பனிமலர் என்று அடுத்தடுத்துத் தோன்றின. அதுவரை அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலும் வேலை பார்த்தவர்களின் வீடுகளில் ‘இன்ஜினியர்’ என்பது ஷிப்டு மேலதிகாரியைக் குறிக்கும் சொல். பிறகு அது பிள்ளையைப் பற்றிய ஆசையாயிற்று.

தேர்வு விதிகள் ஏன் மாறின என்பது பலரும் எழுதிய கதை. நான் பின்தொடர விரும்புவது வேறொன்று: பொதுத்தேர்வில் எடுக்கும் ஒரு மதிப்பெண், சேர்க்கைத் தரவரிசையில் எவ்வளவு பெறும்? அந்த விலை மாறிய ஒவ்வொரு முறையும் மேசை மேல் இருந்த புத்தகங்களின் வரிசையும் மாறியது.

நுழைவுத் தேர்வுக் காலத்தில் மொத்தம் 300. பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100. பிளஸ் டூவில் ஒவ்வொரு பாடமும் 200 மதிப்பெண் கொண்டது. கணிதம் பாதியாகவும், இயற்பியலும் வேதியியலும் கால் பங்காகவும் சுருங்கும். ஆகவே கணிதத்தில் ஒரு மதிப்பெண் போனால் அரை மதிப்பெண் இழப்பு, இயற்பியலில் போனால் கால். மூன்றில் ஒரு பங்கு வேறொரு தேர்விலிருந்து வந்ததால் அந்தக் கால் மதிப்பெண்ணுக்காக யாரும் தூக்கத்தை விடவில்லை. ஆனால் ஒரே பாடத்தை இரண்டு விதமாகப் படிக்க வேண்டியிருந்தது.

ஒரு கணக்கையே எடுத்துக்கொள்வோம். சைன் எக்ஸை, சைன் எக்ஸ் கூட்டல் காஸ் எக்ஸால் வகுத்து, 0 முதல் பை/2 வரை தொகையிட வேண்டும். பொதுத்தேர்வு விடைத்தாளில் தொகைக்கு ‘ஐ’ என்று பெயரிட்டு, எக்ஸுக்குப் பதில் பை/2 கழித்தல் எக்ஸ் என்று போட்டு, சைனும் காஸும் இடம் மாறுவதைக் காட்டி, இரண்டு சமன்பாடுகளையும் கூட்டி, இரண்டு ஐ சமம் பை/2, ஆகவே ஐ சமம் பை/4 என்று இறங்கி வர வேண்டும். வரிக்கு வரி மதிப்பெண் உண்டு. ஒரு வரியைத் தாவினால் வெட்டுவார்கள். நுழைவுத் தேர்வில் அதே கணக்கு வந்தால் பேனாவை அசைக்கக்கூடத் தேவையில்லை. சமச்சீர் தெரிந்தவன் இடைவெளியில் பாதி என்று பை/4 வட்டத்தைக் கருப்பாக்கிவிட்டு அடுத்ததற்குப் போவான். மார்ச்சில் வரிவரியாக எழுதப் பழகிய கை, ஏப்ரலில் எழுதாமல் இருக்கப் பழக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குத்தான் ‘க்ராஷ் கோர்ஸ்’ என்று பெயர். அது நகரத்தில் கிடைத்தது, கிராமத்தில் கிடைக்கவில்லை. தேர்வை ஒழிக்கச் சொன்ன முதன்மையான காரணமும் அதுதான். இந்த ஏற்றத்தாழ்வில் அம்பத்தூர்க்காரர் எந்தப் பக்கம் என்று சொல்வது கடினம். மின்சார ரயில் ஏறினால் பட்டணம். ஆனால் பயிற்சிக் கட்டணம் தொழிற்பேட்டைச் சம்பளத்தில் அடங்க வேண்டுமே.

ஒழிப்பு ஒரே நாளில் நடந்துவிடவில்லை. 2005 மே மாதம் பிள்ளைகள் நுழைவுத் தேர்வை எழுதி முடித்தார்கள். ஜூனில் அரசு அதை ரத்து செய்தது. அதே மாதம் உயர்நீதிமன்றம் அந்த ஆணையைத் தள்ளியது. 2006 ஜனவரியில் சட்டம் வந்தது, பிப்ரவரியில் அதுவும் செல்லாது என்றாயிற்று. ஆட்சி மாறியது. பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரையைக் கொண்டு 2006 டிசம்பரில் புதிய மசோதா நிறைவேறியது. 2007 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. ஏப்ரலில் உயர்நீதிமன்றம் ஏற்றது. தேதிகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் மாணவரின் நிலை புரியும். 2007 மார்ச்சில் பிளஸ் டூ எழுதியவர், தான் எழுதுவது முழுத் தேர்வா, மூன்றில் இரண்டு பங்கா என்பது உறுதியாகாமலே எழுதினார். இரண்டு தொகுப்பினர் இப்படி இரட்டைக் குதிரையில் போனார்கள். ‘உத்தி’ என்ற சொல்லை அவர்களுக்குப் பயன்படுத்த எனக்குத் தயக்கம்தான். எது நடந்தாலும் சமாளிப்போம் என்று இரண்டையும் படித்தார்கள், அவ்வளவுதான்.

2007க்குப் பின் மொத்தம் 200. கணிதத்தின் அரை மதிப்பெண் அதே அரையாகவே இருந்தது, ஆனால் அதை ஈடுகட்ட இன்னொரு தேர்வு இல்லை. ‘சென்டம்’ ஒரு வெறியானது இக்காலத்தில்தான். கணிதத் தாளில் ஒரு மதிப்பெண் வினா 40, ஆறு மதிப்பெண் வினா 10, பத்து மதிப்பெண் வினா 10. அந்த நாற்பதில் பெரும்பகுதி பாடநூலின் பயிற்சியிலிருந்தே வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். நுழைவுத் தேர்வு போயிற்று, நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது போகவில்லை. கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த விடை மனப்பாட விடையாக மாறியது, அவ்வளவே. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை வினா என்று சொல்லும் ‘ப்ளூ பிரிண்ட்’டைப் பார்த்து எந்தப் பாடத்தை விடலாம் என்று முடிவு செய்வது ஒரு தனிக் கலையாக வளர்ந்தது. பல தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தை ஓரம் கட்டிவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடமே நடத்தப்பட்டது. விலையில்லாத சரக்கை யார் வாங்குவார்?

ஆவடியில் இந்தக் கதைக்கு இன்னொரு கிளை உண்டு. பாதுகாப்புத் துறைக் குடியிருப்புகளால் இங்கே கேந்திரிய வித்யாலயாக்கள் உண்டு, சி.பி.எஸ்.இ. பிள்ளைகளும் அதே கலந்தாய்வுக்குத்தான் வந்தார்கள். அவர்களுக்காகச் சட்டம் ஒரு சமன்படுத்தும் முறையை வைத்தது. ஒரு பாடத்தில் ஒவ்வொரு வாரியத்தின் முதல் மதிப்பெண்ணும் சமமாகக் கொள்ளப்படும். மாநில வாரிய முதல் மதிப்பெண் 100, மற்ற வாரியத்தில் 90 என்றால், அங்கே 60 எடுத்தவருக்கு 66.66. இந்தப் பிள்ளைகளின் இன்னொரு கண் அகில இந்தியப் பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மேல். 2013இல் என்.ஐ.டி. சேர்க்கையில் வாரியத் தேர்வுக்கு 40 விழுக்காடு கொடுத்து, 2017இல் டெல்லி அதை எடுத்துவிட்டது. தமிழ்நாடு ஆறு ஆண்டுக்கு முன் கைவிட்ட கலவையைத் திரும்பச் செய்து பார்த்துக் கைகழுவிய கதை அது.

2017–18இல் தமிழக அரசு பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தது. ப்ளூ பிரிண்ட் போயிற்று. பாடத்துக்கு 200 என்பது 100 ஆனது. 2019இல் பிளஸ் டூ எழுதியவர்களுக்கு நடந்ததை யாரும் போதுமான அளவு கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். சேர்க்கைக் கணக்கு இன்னும் 200தான். ஆனால் கணிதத்தில் ஒரு மதிப்பெண் இப்போது முழு ஒன்று, இயற்பியலில் அரை. ஒரு மதிப்பெண்ணின் விலை சத்தமில்லாமல் இரட்டிப்பானது. கணிதத் தாள் ஒரு மதிப்பெண் 20, இரண்டு மதிப்பெண் 7, மூன்று மதிப்பெண் 7, ஐந்து மதிப்பெண் 7 என்று 90க்குப் பிரிந்தது, அகமதிப்பீடு 10. பத்து மதிப்பெண் வினாவில் இரண்டு வரி விட்டாலும் தப்பித்த மாணவருக்கு, இரண்டு மதிப்பெண் வினாவில் விடுவதற்கு வரியே இல்லை. அடுத்த ஆண்டு புதிய பாடநூலும் வந்தது. பழைய கைடுகள் எடைக்குப் போயின.

பிளஸ் ஒன் மதிப்பெண் சேர்க்கையில் சேராது என்று 2018இலேயே அறிவித்துவிட்டார்கள். 2025இல் மாநிலக் கல்விக் கொள்கை அந்தப் பொதுத்தேர்வையே எடுத்துவிட்டது. ஜே.இ.இ. எழுதுபவருக்கோ பிளஸ் ஒன் பாதிப் பாடத்திட்டம். ஜே.இ.இ.யும் சும்மா இருக்கவில்லை. 2020இல் விடை கொடுக்காத எண் வினாக்கள் வந்தன, கொடுத்த விடையைப் போட்டுப் பார்த்துப் பின்னோக்கி வரும் பழைய வித்தை அவற்றில் செல்லாது. 2021இல் பத்தில் ஐந்து எழுதினால் போதும் என்றார்கள், 2025இல் அந்தத் தெரிவும் போயிற்று.

2021இல் கொரோனாவால் பிளஸ் டூ தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்புக்கு 50, பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூ செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30 விழுக்காடு என்று கணக்கிட்டார்கள். மதிப்பில்லை என்று தள்ளிய வகுப்புகள் திடீரென்று விலை பேசின. அதே ஆண்டு அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. பதினோராம் வகுப்பில் தொடங்கிய திட்டமிடல், ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளி என்ற கேள்விக்கு இறங்கிவிட்டது.

இரண்டாம் தேர்வு இல்லாத இடத்தில் உச்சியில் நெரிசல் தவிர்க்க முடியாதது. இருவர் ஒரே மதிப்பெண் எடுத்தால் முதலில் கணிதம், பிறகு இயற்பியல், பிறகு மற்றவை, பிறகு பிறந்த தேதி பார்க்கிறார்கள். அதுவும் ஒன்றாக இருந்தால் கணினி ஒதுக்கிய சமவாய்ப்பு எண். எவருடையது பெரிதோ அவர் முன்னால். விண்ணப்பம் முடிந்ததும் அந்த எண் வெளியாகும் நாளில் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் எந்த நகலகத்துக்குப் போனாலும், பத்து இலக்கத்தைக் காகிதத்தில் அச்சடித்துக்கொண்டு, முதல் இலக்கம் என்ன என்று ஒருவரை ஒருவர் கேட்டபடி நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கலாம்.